ஆறாம் வகுப்பின் முதல் இரண்டு கிழமை: வகுப்பறைப் பழக்கங்களை எப்படித் தொடங்குவது

தை மாதம் ஆறாம் வகுப்புக்குள் வந்து இருக்கும் பிள்ளைகளில் குழப்படிக்காரர் மிகக் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு இந்த இடத்தின் நடைமுறை தெரியாது, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் காலையிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை ஒரே ரீச்சர்தான் கூட இருந்தார். எப்போது கொப்பி எடுப்பது, எப்போது தண்ணீர் குடிப்பது என்பதெல்லாம் அவருடைய முகத்தைப் பார்த்தே பிள்ளைக்கு விளங்கிவிடும். இங்கே 40 நிமிடத்துக்கு ஒருதரம் மணி அடிக்கிறது, ஆள் மாறுகிறது. கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு இன்னொருவர். ஒருவர் எழும்பி நின்று பதில் சொல்லச் சொல்கிறார், அடுத்தவர் இருந்தபடியே சொல்லச் சொல்கிறார். பதினொரு வயதுப் பிள்ளை இதில் தடுமாறத்தான் செய்யும். அந்தத் தடுமாற்றத்தைக் குழப்படி என்று எடுத்துக்கொண்டு முதல் நாளே சத்தம் போட்டால், மார்கழி வரைக்கும் சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டி வரும்.

நான் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் ஒரு கலவன் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆறாம் வகுப்பின் வகுப்பாசிரியரும் நான்தான். கோப்பாயில் கல்வியியற் கல்லூரி முடித்தும், பல்கலைக்கழகம் முடித்தும் புதிதாக நியமனம் பெற்று வரும் தங்கச்சிமார், தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். பாடத்தை எப்படி நடத்துவது என்று உங்களுக்கு வடிவாகச் சொல்லித் தந்திருப்பார்கள். நாற்பது பிள்ளைகளின் கொப்பிகளைச் சத்தமில்லாமல் மேசைக்கு வரவைப்பது எப்படி என்பதை யாரும் அவ்வளவு விளக்கமாகச் சொல்லித் தருவதில்லை. வேலைக்கு வந்த முதல் மாதத்தில் உங்களைக் களைக்கவைப்பது அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு எட்டுப் பாடவேளை. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கொப்பி தேடுவதிலும் கதிரை இழுப்பதிலும் "இப்ப என்ன பாடம் ரீச்சர்?" என்று கேட்பதிலும் 5 நிமிடம் போகிறது என்று வைப்போம். எட்டைந்து நாற்பது. ஒரு நாளில் ஒரு முழுப் பாடவேளை காணாமல் போகிறது, கிழமைக்கு ஐந்து. பாடத்திட்டம் முடியவில்லை என்று மூன்றாம் தவணையில் பின்னேர வகுப்பு வைப்பவர்கள், அந்த நேரம் எங்கே போனது என்று முதலாம் தவணையில் தேட வேண்டும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பழக்கங்களை அறிவித்துவிட்டு விடக் கூடாது, பாடம் போலவே படிப்பிக்க வேண்டும். பின்னம் கூட்டுவதை நாங்கள் வாயால் சொல்லிவிட்டு விடுவதில்லையே. பலகையில் செய்து காட்டுகிறோம், பிள்ளைகளைச் செய்யவிட்டுப் பார்க்கிறோம், பிழைத்த இடத்தில் நின்று திரும்பச் செய்விக்கிறோம், அடுத்த கிழமை மறந்திருந்தால் இன்னொருக்கா செய்விக்கிறோம். வரிசையில் உள்ளே வருவதையும் கொப்பி கொடுப்பதையும் அதே பொறுமையோடு செய்விக்க வேண்டும்.

மணி அடிக்க முன்னர்

தவணை தொடங்குவதற்கு முதல் நாள் ஒருக்கா வகுப்பறைக்குப் போய்வாருங்கள். கதிரைகளை எண்ணுங்கள். ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் கதிரையை வெளியே எடுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டை கிழியும். பலகையைத் துடைத்துவிட்டுக் கடைசி வரிசை மூலையில் இருந்து பாருங்கள், யன்னல் வெளிச்சம் பட்டு மினுங்குகிறதா என்று. பிறகு ஒரு தாளில் இருக்கை வரைபடம் கீறிக்கொள்ளுங்கள்.

உங்களுடைய வகுப்பு நீண்ட கட்டடத்தில் அரைச்சுவரால் அல்லது தட்டியால் பிரித்த வகுப்பாக இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கைதட்டி, மேசையில் தட்டி, பிள்ளைகளைக் கூட்டாகக் கத்தவைத்து அமைதிப்படுத்தும் முறைகளெல்லாம் பக்கத்து வகுப்பைக் குழப்பும். அடுத்த பக்கத்தில் பதினோராம் வகுப்புக்குப் பாடம் நடக்கும். அதனால் சத்தமில்லாத சைகை ஒன்றைத் தெரிவு செய்துகொள்ளுங்கள். நான் பலகையின் இடதுபக்க மூலையில் போய் நின்று வலது கையை உயர்த்துவேன். கண்டவர்கள் வேலையை நிறுத்தித் தாங்களும் கையை உயர்த்த வேண்டும். காணாத பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் மெல்லத் தொட்டுக் காட்டுவார். எப்போதும் அதே இடத்தில் நிற்பது முக்கியம். வகுப்பில் நடந்துகொண்டே கையை உயர்த்தினால் பாதிப் பிள்ளைகள் காண மாட்டார்கள்.

எத்தனை பழக்கங்களோடு தொடங்குவது என்று கேட்பீர்கள். முதல் கிழமைக்கு ஐந்து போதும்: உள்ளே வருவது, அமைதிச் சைகை, கொப்பி கொடுப்பது, கை உயர்த்துவது, வெளியே போய்வருவது. மற்றவை இரண்டாம் கிழமை. சுவரில் இருபது விதிகளை எழுதி ஒட்டி வைத்திருக்கும் வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன், ஒரு பிள்ளைக்கும் ஆறாவது விதி என்னவென்று தெரியாது.

முதல் நாள்

வாசலில் நில்லுங்கள். மேசையில் இருந்துகொண்டு இடாப்பைப் பார்த்தபடி பிள்ளைகளை வரவேற்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் "வாங்கோ" சொல்லி, பெயரைக் கேட்டு, எந்த வரிசையில் எத்தனையாவது கதிரை என்று காட்டி உள்ளே விடுங்கள். பழைய கலண்டர் மட்டையை மடித்து மேசையில் நிறுத்தக்கூடிய பெயர் அட்டைகள் செய்து வைத்தால் இரண்டு கிழமைக்குள் எல்லாப் பெயரும் மனதில் நிற்கும். மற்றப் பாட ஆசிரியர்களுக்கும் அது உதவி.

பிள்ளை கதிரையில் இருந்ததும் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். பலகையில் முதலே எழுதி வையுங்கள். முதல் நாளுக்கு என்னுடைய கேள்வி எப்போதும் இதுதான்: "வீட்டிலிருந்து பாடசாலைக்கு எப்படி வருகிறீர்கள்? எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறீர்கள்? எவ்வளவு நேரம் எடுக்கிறது?" எல்லாரும் எழுதக்கூடிய கேள்வி, தெரியாது என்று ஒருவரும் இருக்கத் தேவையில்லை. அதோடு எனக்கு வேண்டிய தகவலும் கிடைக்கிறது. யார் கே.கே.எஸ். வீதியால் பஸ்ஸில் வருகிறார், யார் வானில், யாரைத் தகப்பன் தோட்டத்து மரக்கறியைத் திருநெல்வேலிச் சந்தையில் இறக்கிவிட்டுத்தான் கொண்டுவந்து விடுகிறார் என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் வந்துவிடும். பிந்தி வரும் பிள்ளையோடு எப்படிக் கதைப்பது, வகுப்பறையைக் கூட்டும் முறையில் யாரை எந்த நாளில் போடுவது என்பதை அதை வைத்துத்தான் தீர்மானிப்பேன்.

பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது இருக்கை வரைபடத்தைப் பார்த்து இடாப்பை அடையாளமிடலாம். பெயர் பெயராகக் கூப்பிட்டு "வந்தேன் ரீச்சர்" என்று நாற்பது தரம் சொல்லவைக்கத் தேவையில்லை. இரண்டாம் நாளிலிருந்து காலையில் இதே ஒழுங்குதான். உள்ளே வந்ததும் பலகையில் ஒரு கணக்கு இருக்கும், கொப்பியைத் திறந்து செய்யத் தொடங்க வேண்டும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முதல் நாளில் செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது. "ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை புள்ளி?" என்று வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள். எழும்பி நின்று சொல்லவைக்கும் பழக்கம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தவர்களின் படம் பாடசாலை வாசலில் பெரிய பதாகையாகத் தொங்கும், பத்திரிகையிலும் வரும். வெட்டுப்புள்ளிக்குக் கீழே எடுத்த பிள்ளை அதையெல்லாம் பார்த்து, சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்துத்தான் உங்கள் வகுப்புக்கு வருகிறது. அதற்குப் புது வகுப்பு, புது ரீச்சர், புதுக் கொப்பி. அந்தப் புதுசை முதல் பத்து நிமிடத்திலேயே பறிக்க எங்களுக்கு உரிமை இல்லை. புள்ளிகள் வேண்டுமானால் அதிபரின் அலுவலகத்தில் கோப்பு இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

பாடநூல் விநியோகமும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வரும். இலவசப் பாடநூல் 1980இல் தொடங்கியதிலிருந்து எல்லா வகுப்பிலும் நடக்கும் வேலை இது. பல இடங்களில் ஆளாளுக்கு முன்னுக்கு ஓடிவந்து மேசையைச் சுற்றி நிற்பார்கள். அதையே பொருள் கடத்தும் பழக்கத்துக்கான முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். வரிசைக்கு எத்தனை பேரோ அத்தனை நூல்களை முதல் பிள்ளையிடம் கொடுங்கள். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தோளுக்கு மேலால் பின்னுக்குக் கொடுப்பார். பின்னால் இருப்பவர் இரண்டு கையாலும் வாங்குவார். திரும்பி இருந்து கதைப்பதில்லை. முதல் நூலில் ஒரே சத்தமாக இருக்கும். நிறுத்தி, எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, இன்னொருக்கா கொடுக்கச் சொல்லுங்கள். கோபப்படாமல், சிரித்த முகத்தோடு. மூன்றாவது பாடத்தின் நூல் வரும்போது வித்தியாசத்தைப் பிள்ளைகளே காண்பார்கள்.

கொப்பி

ஆறாம் வகுப்பில் கொப்பி ஒரு பெரிய விஷயம். "ரீச்சர், சிவப்புப் பேனையால கோடு அடிக்கட்டோ?", "அடுத்த பக்கத்தில எழுதுறதோ, இதிலயோ?", "திகதி இங்கால போடுறதோ, அங்கால போடுறதோ?" என்று முதல் நாள் கேள்வி நிற்காது. இதைத் தொல்லையாக எடுக்க வேண்டாம். ஐந்து வருடம் ஒரு ரீச்சரின் முறைப்படி எழுதி வந்த பிள்ளை, உங்களுடைய முறை என்னவென்று மரியாதையாகக் கேட்கிறது.

ஒரு பக்கத்தை நீங்களே எழுதிக் காட்டுங்கள். பலகையில் சதுரக்கோட்டுக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் பெரிதாகக் கீறி, திகதி எங்கே, தலைப்பு எங்கே, கேள்வி இலக்கத்துக்கு எத்தனை கட்டம் விடுவது, ஒரு கணக்கு முடிந்து அடுத்தது தொடங்க எத்தனை வரி விடுவது என்று செய்து காட்டி, அப்படியே எழுதச் சொல்லுங்கள். பக்கத்தின் உச்சியில் சில பிள்ளைகள் பிள்ளையார் சுழி போடுவார்கள், சிலர் சின்னச் சிலுவை போடுவார்கள், சிலர் ஒன்றும் போட மாட்டார்கள். அதில் நாங்கள் தலையிட ஒன்றுமில்லை. திகதி, தலைப்பு, இடைவெளி மூன்றிலும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கணக்கில் பிழை எந்தப் படியில் வந்தது என்று பிறகு பிள்ளை தானே தேடிக் கண்டுபிடிக்க அந்த இடைவெளி வேண்டும். இந்தக் காரணத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் செய்வார்கள்.

பிழையை அழிறப்பரால் அழிக்கவிடுவதில்லை. ஒரு கோடு கீறிவிட்டுப் பக்கத்தில் திரும்பச் செய்யச் சொல்வேன். முதல் கிழமையில் சில பிள்ளைகளுக்கு இது பெரிய கவலையாக இருக்கும், கொப்பி ஊத்தையாகிவிட்டது என்று கண் கலங்குவார்கள். "பிழை தெரியவேணும் பிள்ளை, அப்பத்தான் ரீச்சருக்கு உங்களுக்கு எது விளங்கேல்லை எண்டு தெரியும்" என்று கிட்டப் போய்ச் சொல்லுங்கள்.

வீட்டுவேலைக் கொப்பி வாங்குவதற்கு நூல் கொடுத்த அதே வழிதான், மறுபக்கமாக. கடைசிப் பிள்ளையிடமிருந்து முன்னுக்கு வரும். அன்றைய பக்கத்தைத் திறந்து, திறந்தபடியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நாற்பது கொப்பியில் பக்கம் தேடும் வேலை உங்களுக்கு மிச்சம். செய்யாதவர் வெறுங்கொப்பியைக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு துண்டில் பெயரையும் காரணத்தையும் எழுதி அதே அடுக்கில் வைப்பார். எல்லாருக்கும் முன்னால் காரணம் கேட்டால் பொய் வரும், துண்டில் பெரும்பாலும் உண்மை வரும்.

கை உயர்த்துவதும் காத்திருப்பதும்

எங்களுடைய ஊர்ப்பக்க வகுப்புகளுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாதிப் பிள்ளைகள் அந்த அலகை ஏற்கெனவே ரியூசனில் படித்திருப்பார்கள். நீங்கள் கேள்வியை முடிக்க முதலே பதில் பறந்து வரும். "அது ரியூசனில செய்திட்டம் ரீச்சர்" என்றும் ஒரு குரல் வரும். ரியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளை, யோசிக்கத் தொடங்கிய இடத்திலேயே விட்டுவிடும். நாலு நாள் இப்படி நடந்தால் ஐந்தாம் நாள் யோசிக்கவே தொடங்காது.

அமெரிக்காவில் விஞ்ஞானக் கல்வியை ஆராய்ந்த மேரி பட் ரோ, 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாமல் இருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். நான் இதை ஒரு பழக்கமாகவே ஆக்கியிருக்கிறேன். கேள்வி கேட்டதும் என்னுடைய கையை மூடி நெஞ்சோடு வைத்திருப்பேன். அது மூடியிருக்கும்வரை யாரும் கை உயர்த்துவதில்லை, எல்லாரும் யோசிக்கும் நேரம். மனதுக்குள் ஆறுதலாக மூன்று எண்ணிவிட்டுக் கையைத் திறப்பேன். பிறகுதான் கைகள் எழும்ப வேண்டும். முன்னமே பதில் தெரிந்தவர்கள் அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கலாம், நான் சுற்றி வரும்போது பார்த்து அடையாளமிடுவேன். தெரிந்த பிள்ளைக்கும் மரியாதை வேண்டும்தானே. அதன் வாயை மூடவைப்பது நோக்கமல்ல.

இதைப் பழக்கும்போது சுலபமான கேள்விகளையே கேளுங்கள். "ஏழும் ஐந்தும் எத்தனை?" என்று கேட்டுவிட்டு மூன்று விநாடி காத்திருந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை. அந்த நேரத்தில் நீங்கள் படிப்பிப்பது கூட்டலை அல்ல, காத்திருப்பதை.

இதோடு சேர்ந்து வருவது, பிழையான பதிலுக்குச் சிரிப்பது. முழு வருடத்துக்கும் சேர்த்து நான் மிகக் கண்டிப்பாக இருக்கும் இடம் இதுதான். ஒரு பிள்ளை பிழையாகச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு சின்னப் பகிடிச் சிரிப்பு வரும். சிரித்தவருக்கு அது ஒரு விநாடி. சொன்ன பிள்ளை அந்தத் தவணை முழுக்கக் கை உயர்த்தாது. முதல் சிரிப்பு வந்த உடனேயே பாடத்தை நிறுத்துங்கள், அடுத்த முறை பார்ப்போம் என்று விடாதீர்கள். ஏச வேண்டாம். பிழையாகச் சொன்ன பிள்ளையிடம், "எப்படி யோசிச்சு அந்த விடைக்கு வந்தீங்கள்?" என்று கேட்டு, அந்த வழியைப் பலகையில் எழுதுங்கள். பெரும்பாலும் பாதித் தூரம் சரியாகவே வந்திருக்கும். சரியாக இருந்த படிகளுக்குக் கீழே ஒரு கோடு கீறிக் காட்டிவிட்டு, பிழைத்த இடத்தை முழு வகுப்புமாகத் தேடுங்கள். சிரித்தவரை இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கதையுங்கள்.

வகுப்பின் எதிர்பார்ப்புகளை எழுதும் வேலையை இதற்குப் பிறகுதான் வைத்துக்கொள்வேன், முதல் கிழமையின் கடைசி நாளில். அப்போதுதான் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். என்ன நடந்தால் இந்த வகுப்பில் படிக்கலாம் என்று கேட்டு, சொல்வதையெல்லாம் பலகையில் எழுதி, ஒன்றோடொன்று சேர்த்து நாலாகக் குறைப்போம். ஒருவர் கதைக்கும்போது மற்றவர்கள் கேட்போம். அடுத்தவரின் பொருளைக் கேட்டுத்தான் எடுப்போம். தெரியாது என்று சொல்லலாம், யாரும் சிரிக்க மாட்டோம். நாலாவதை வகுப்பு எப்படியும் தானே கண்டுபிடிக்கும், சென்ற முறை அது அழிறப்பர் எறிவதைப் பற்றியதாக இருந்தது. நல்ல கையெழுத்துள்ள பிள்ளை மட்டையில் எழுத, எல்லாரும் கீழே ஒப்பமிட்டு, நானும் ஒப்பமிடுவேன். ஆசிரியரின் ஒப்பம் கட்டாயம் இருக்க வேண்டும். ஒருவர் கதைக்கும்போது இடையில் புகாமல் இருப்பது எங்களுக்கும் சேர்த்துத்தான்.

வாசல் அட்டை

"ரீச்சர், ஒண்டுக்குப் போயிட்டு வரட்டோ?" என்ற கேள்வி பாடத்தின் நடுவில் நாலு தரம் வந்தால் பாடம் நாலு துண்டாகிவிடும். வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு ஆணியில் இரண்டு மர அட்டைகளைத் தொங்கவிடுங்கள், பெடியன்களுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. அட்டை ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், என்னைக் கேட்கத் தேவையில்லை. நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மட்டும் பொறுத்திருக்க வேண்டும், அதுவும் அவசரம் என்றால் இல்லை. திரும்பி வந்து அட்டையை மாட்டினால் அடுத்தவர் போகலாம்.

கேட்காமல் போகலாம் என்று வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆறாம், ஏழாம் வகுப்புகளில்தான் பல பெண்பிள்ளைகள் பெரிய பிள்ளையாகிறார்கள். பெடியன்களும் இருக்கும் வகுப்பில், ஒரு ஆண் ஆசிரியரிடம் எழும்பி நின்று காரணம் சொல்ல அந்தப் பிள்ளையால் முடியாது. சொல்லாமல் இருந்துவிடும், அல்லது பாடசாலைக்கே வராமல் விட்டுவிடும். வகுப்பாசிரியரின் அலுமாரியில் ஒரு பக்கெற் சுகாதார அணையாடை எப்போதும் இருக்கட்டும். எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது என்று பெண்பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு முதல் கிழமையிலேயே சொல்லுங்கள். வகுப்பாசிரியர் ஆணாக இருந்தால் பக்கத்து வகுப்பு ரீச்சரை இதற்கு ஒழுங்குசெய்ய வேண்டும். சடங்கு முடிந்து திரும்பி வரும் பிள்ளையிடம் எத்தனை நாள் வரவில்லை என்று வகுப்பில் கேட்காமல், அதன் சோடியிடமிருந்து விட்ட குறிப்புகளை வாங்கிக் கொடுத்தால் போதும்.

சோடி என்று சொன்னேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் இருப்பவர்தான் சோடி. ஒருவர் வராத நாளில் மற்றவர் வீட்டுவேலையைக் குறித்து வைப்பார். ஆறாம் வகுப்புக்குத் தை, மாசி முழுக்கப் புதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள், வேறு பாடசாலையில் இடம் கிடைத்து இங்கிருந்து போவோரும் இருப்பார்கள். புதிதாக வந்தவருக்கு எல்லாப் பழக்கத்தையும் நீங்கள் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சோடி சொல்லிக் கொடுப்பார். சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கும் அது இன்னும் உறுதியாக நிற்கும்.

கூட்டுமுறை

சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து குழு, ஐந்து நாள். ஒவ்வொரு குழுவிலும் கிட்ட இருந்து வருபவர்களும் பஸ்ஸில் வருபவர்களும் கலந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தி வரும் வான் பிள்ளைகளே எல்லா நாளும் தும்புத்தடியோடு நிற்பார்கள். பெடியன்களும் கூட்ட வேண்டும், வாங்கு தூக்குவது மட்டும் அவர்களின் வேலை என்று பிரிக்காதீர்கள். எப்படிக் கூட்டுவது என்றும் ஒருக்கா செய்து காட்டுங்கள், வீட்டில் தும்புத்தடி பிடித்தே பார்க்காத பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். பின்சுவரிலிருந்து முன்னுக்கு, கதிரைகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, குப்பையைக் கூடைக்குள் அள்ளும்வரை. 7.30 மணிக்கு முதல் மணி அடிக்க முன்னர் முடிந்திருக்க வேண்டும்.

பிழைத்தால்

பிழைக்கும். இரண்டாம் கிழமையில் கட்டாயம் பிழைக்கும். முதல் கிழமையின் பயம் தெளிந்து, பிள்ளைகள் எல்லையைத் தொட்டுப் பார்க்கும் நேரம் அது. அப்போது நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"அடியாத மாடு படியாது" என்று ஆசிரியர் அறையில் யாராவது சொல்வார்கள், சில பெற்றோரும் வந்து "அடிச்சாவது படிப்பியுங்கோ ரீச்சர்" என்பார்கள். கேட்காதீர்கள். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. சுற்றறிக்கை இல்லாவிட்டாலும் நான் அடிக்க மாட்டேன். வெயிலில் நிறுத்துவதும் முழங்காலில் இருத்துவதும் அதே கணக்கில்தான் சேரும். அடிக்குப் பயந்து அமைதியாக இருக்கும் வகுப்பு, பிரம்பு இல்லாத ஆசிரியர் வந்ததும் இரண்டு மடங்கு குழப்பும். அதன் பலனை அனுபவிப்பது பெரும்பாலும் புதிதாக நியமனம் பெற்று வந்த ஒரு ரீச்சராகத்தான் இருக்கும்.

என்னுடைய முதல் படி, கிட்டப் போய் நிற்பது. பாடத்தை நிறுத்தாமல், விளக்கிக்கொண்டே அந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். பத்தில் எட்டு இடத்தில் அதுவே காணும். அடுத்தது, திரும்பச் செய்விப்பது. ஓடிக்கொண்டு உள்ளே வந்தால், "தம்பி, விறாந்தையில இருந்து திரும்ப வாங்கோ" என்பேன். முழு வகுப்பும் அப்படி வந்தால் முழு வகுப்பும் வெளியே போய் வரிசையில் திரும்ப வரும். குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும், தண்டனை போலத் தெரியவே கூடாது. அதற்கும் மேலே போனால் இடைவேளையில் தனியாகக் கதைப்பது, பிறகுதான் வீட்டாரோடு. தனியாகக் கதைக்கும்போது முதலில், "காலமை சாப்பிட்டீங்களோ?" என்று கேளுங்கள். வெறும் வயிற்றோடு வந்து மூன்றாம் பாடவேளையில் குழப்படி செய்யும் பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

மற்றப் பாட ஆசிரியர்களோடு முதலே கதைத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஒத்துப்போகச் சொல்லி அவர்களிடம் கேட்க முடியாது. அமைதிச் சைகை, வாசல் அட்டை, மணி அடித்ததும் அடுத்த பாடக் கொப்பி மேசையில் இருப்பது, இந்த மூன்றையும் மட்டும் எல்லாரும் ஒரேமாதிரி வைத்திருப்போமா என்று தேநீர் நேரத்தில் கேட்டுப் பாருங்கள். மூத்த ஆசிரியர்கள் மறுப்பதை நான் பெரிதாகக் கண்டதில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த நாளில் பாதி மறந்திருக்கும். அதற்குப் பிறகு இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சி தொடங்கும். பிள்ளைகள் இடையில் மைதானத்துக்குப் போவார்கள், வியர்த்து விறுவிறுத்து வருவார்கள், பாடவேளைகள் சுருங்கும். இந்தக் காலத்தில் புதுப் பழக்கம் எதையும் தொடங்க வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றினால் போதும். மைதானத்திலிருந்து வரும் பிள்ளை முகம் கழுவி, தண்ணீர் குடித்து, பின்வாசலால் வந்து, பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். போட்டி முடிந்த அடுத்த திங்கட்கிழமை முதல் பாடவேளையில் பத்து நிமிடத்தை ஒதுக்கி, ஐந்து பழக்கங்களையும் முதல் நாள் போலவே திரும்பச் செய்வியுங்கள். இரண்டாம், மூன்றாம் தவணைகள் தொடங்கும்போதும் அப்படியே.

முதல் மாதம் முடிவதற்குள் ஒரு உறையையும் தயார் செய்து அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அதற்குள் இருக்கை வரைபடம் ஒன்று, அமைதிச் சைகையையும் வாசல் அட்டையையும் விளக்கும் நாலு வரி, இரண்டு பாடவேளைக்குக் காணக்கூடிய கணக்குகள், அன்று கூட்டவேண்டிய குழுவின் பட்டியல். நீங்கள் லீவு எடுக்கும் நாளில் மொனிற்றர் அதை எடுத்து, உங்களுக்குப் பதிலாக வரும் ஆசிரியரிடம் கொடுப்பார். எங்கே இருக்கிறது, எப்போது எடுப்பது என்று மொனிற்றருக்கும் அவரது சோடிக்கும் ஒருக்கா காட்டிவிடுங்கள். கணக்குகளை மாதத்துக்கு ஒருமுறை மாற்றி வைக்க மறக்க வேண்டாம்.